புதுப்பிப்பு: கிணற்று நீர் ஆய்வுக்குப் பணம் கிடைத்துவிட்டது

மேலூர்ப் பக்கம் 12 கிணறுகளில் நைட்ரேட் (சாணம், உரத்திலிருந்து நீரில் கலக்கும் உப்பு) அளவு பார்க்க, என் இளங்கலை மாணவிகள் நால்வருக்கு 18,000 ரூபாய் வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்று ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அரசுத் திட்ட நிதிக்கு விண்ணப்பிக்கும் தேதி தாண்டியிருந்தது. பலித்தது, "பழைய மாணவர்களிடம் மொத்தமாகக் கேட்காதீர்கள், செலவைப் பிரித்துக் கேளுங்கள்" என்ற யோசனைதான். ரசாயனத்துக்கு இவ்வளவு, பாட்டிலுக்கு இவ்வளவு என்று எழுதி அனுப்பினோம். ஒன்பது நாளில் பணம் சேர்ந்துவிட்டது.

ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நன்கொடையை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், கொடுத்தவருக்கு வருமான வரிக்கழிவு கிடையாது. அதனால் இருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வங்கி வழியாக வாங்கினோம்.

எதிர்பாராதது ஐஸ் பெட்டி. மாதிரி நீரைக் குளிரில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். பஸ் செலவும் ஐஸும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாட்டுத்தாவணியில் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். அவர் இல்லையென்றால் மற்ற பணம் முழுக்க வீண்தான்.

சரி, முடிவு: மூன்று கிணறுகளில் நைட்ரேட், குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. மூன்றும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டியவை. கிணற்றுக்காரர்களிடம் மாணவிகளே நேரில் போய்ச் சொன்னார்கள். அப்புறம், மழைக்குப் பின் அதே கிணறுகளை மறுபடி பார்க்கப் போகிறோம். ஐஸ் பெட்டி எங்களிடமே இருக்கிறது.