இன்போட் எஞ்சின் ஹீற் ஏறினா முதல்ல எங்க பாக்கிறது? உங்கட அனுபவங்களையும் சொல்லுங்கோ

நாச்சிக்குடாக்காரன்:

போன சோளகத்தில எங்கட சம்மாட்டியின்ர (போட் முதலாளி) போட்டுக்கு நடந்த கதை இது. போட்டுக்குள்ளயே பூட்டின இன்போட் டீசல் எஞ்சின், ஹீற் எக்ஸ்சேஞ்சர் வச்சது, எஞ்சினுக்குள்ள நல்ல தண்ணி சுத்தும், அதைக் குளிராக்கக் கடல் தண்ணி வந்து பிறகு எக்ஸோஸ்ட்டோட கலந்து பின்னால வெளிய போகும். கரையில இருந்து மெதுவா வெளிக்கிடேக்க ஒண்டுமில்லை, மீற்றர் 80 டிகிரியில நிக்கும். ஆழத்துக்கு வந்து கொஞ்சம் ஏத்தினவுடன ஊசி மேல போகும், குறைச்சா திரும்ப இறங்கும். கரைக்கு வந்தா ஆளுக்கொரு வைத்தியம். முதல் வந்தவர் தேர்மோஸ்ராற்றை (சூட்டுக்குத் திறந்து தண்ணியை விடுற வால்வு) கழட்டி எறியுங்கோ எண்டார், அடுத்து வந்தவர் எஞ்சின் ஹெட்டுக்குக் கீழ இருக்கிற ஹெட் கஸ்கட் போயிட்டுது எண்டார், ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டு போனா என்ன செலவு எண்டு தெரியும்தானே, சம்மாட்டி கேட்டுட்டு ஒண்டும் பேசாம வாடிக்குள்ள போய்ப் படுத்திட்டார்.

கடைசியா பேசாலைப் பக்கத்தில இருந்து ஒரு ஐயா வந்தார். சாவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. எஞ்சினை ஸ்டாட் பண்ணச் சொல்லிப்போட்டு பின் அணியத்தில குப்புறப் படுத்து எக்ஸோஸ்ட் வாயைப் பாத்துக்கொண்டு கிடந்தார். மெதுவா ஓடேக்க தண்ணி ஆள் இருமுற மாதிரி விட்டு விட்டு நல்லாத்தான் வந்துது. ஏத்தச் சொன்னார், ஏத்தினா தண்ணியும் கூடவேணும், ஆனா கூடேல்லை, ஆவிதான் கூடிச்சு. "கடல் தண்ணிப் பக்கம்தான் தம்பி, ஹெட்டில கை வையாதேங்கோ" எண்டார்.

கடல் தண்ணி வடிக்கிற ஸ்ரெயினரைத் திறந்தம், சாதாழை கொஞ்சம் கிடந்துது, அடைக்கிற அளவுக்கு இல்லை. பம்புக்குள்ள சுத்துற றப்பர்ச் செட்டைச் சில்லு, இம்பெல்லர், அதுவும் நல்லா இருந்துது. பிறகு என்னைத் திரும்ப ஏத்தச் சொல்லிப்போட்டு அவர் சீ கொக்கில (போட்டுக்குள்ள கடல் தண்ணி எடுக்கிற வால்வு) இருந்து பம்புக்கு வாற ஹோஸைக் கையால பிடிச்சுப் பாத்தார். சத்தம் கூடக் கூட ஹோஸ் சப்பளிஞ்சு கொண்டு போகுது! கழட்டி வெட்டிப் பாத்தா வெளித்தோல் புதுசு மாதிரி, உள்தோல் உரிஞ்சு தொங்குது. உள்ளுக்க கம்பி இல்லாத சாதாரண தண்ணி ஹோஸ், முந்தி ஆரோ அவசரத்துக்குப் போட்டது. மெதுவா ஓடேக்க பம்ப் இழுக்கிற இழுவை குறைவு, அதால தெரியேல்லை. கம்பி வச்ச சக்ஷன் ஹோஸ் வாங்கிப் போட்டம், அண்டையில இருந்து ஊசி அசையேல்லை.

உங்களுக்கும் இப்பிடி நடந்திருந்தா எழுதுங்கோ.

முல்லைக்கரை:

எங்கட பக்கம் கரையில இழுத்து ஏத்துற அவுட்போட் போட்டுகள்தான் கூட, இன்போட் குறைவு. ஆனா என்ர மச்சான் திருகோணமலையில கட்டி வச்சு ஓடுற டே போட் ஒண்டில இருக்கிறார், அவையின்ர எஞ்சினுக்கு வந்த வருத்தம் வேற மாதிரி. இம்பெல்லர் செட்டை உடைஞ்சிட்டுது எண்டு புதுசு வாங்கிப் போட்டிருக்கினம், கொஞ்ச நாள் பரவாயில்லை, பிறகு திரும்பச் சூடு. இம்பெல்லரை மாத்தினவர் உடைஞ்ச செட்டைத் துண்டுகள் எங்க போச்சுது எண்டு தேடவே இல்லை. அது கடல் தண்ணியோட போய் ஹீற் எக்ஸ்சேஞ்சர் வாயில சிக்கி நிக்கும். மூடியைக் கழட்டினா கறுத்த றப்பர் துண்டுகள் குழாய் வாயளை அடைச்சுக்கொண்டு நிக்குது, அதில சாதாழையும் அரிப்பைத் தான் வாங்கிக் கரையிற சிங்க் கட்டியில இருந்து விழுந்த பொடியும் சேந்து ஒட்டினபடி. உடைஞ்ச இம்பெல்லரை வெளிய எடுத்தா மேசையில வச்சு எத்தனை செட்டை இல்லை எண்டு எண்ணிப்போட்டு அத்தனை துண்டும் கைக்கு வரும்வரைக்கும் மூடாதேங்கோ.

இன்னொண்டு, போட்டை மாசக் கணக்கில ஓடாம விட்டா இம்பெல்லரைக் கழட்டி வையுங்கோ. ஒரே பக்கம் மடிஞ்சு நிண்டே செட்டை நிமிராமப் போயிடும். தண்ணி இல்லாம ஓட்டினாலும் அதுக்கு ஆயுள் ஒரு நிமிசம்தான். சீ கொக்கைத் திறக்க மறந்து ஸ்டாட் பண்ணுற ஆக்கள் எல்லாக் கரையிலயும் இருக்கினம்.

பழைய மெக்கானிக்:

நாச்சிக்குடாத் தம்பி தேர்மோஸ்ராற் கதை சொன்னதால எழுதுறன். வன்னியில எந்த எஞ்சின் சூடானாலும் முதல் வேலை தேர்மோஸ்ராற்றைக் கழட்டுறது. எனக்கென்னமோ இந்தப் பழக்கம் சண்டை நேரப் பொருளாதாரத் தடைக்காலத்தில வந்தது எண்டுதான் படுது. சாமான் ஒண்டும் வராது, டீசலே இல்லை, மோட்டசைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின காலம். சிக்கின தேர்மோஸ்ராற்றுக்குப் பதிலா வேற போட வழியில்லை, கழட்டிப்போட்டு ஓடினம், அப்ப அது சரி. இப்பதானே கடையில கிடக்கு, பிறகேன் கழட்டுறியள்?

கன எஞ்சினில தேர்மோஸ்ராற் திறக்கேக்க பைபாஸ் வழியையும் சேத்து அடைக்கும். அதைக் கழட்டினா பைபாஸ் திறந்தபடி நிக்கும், சுடுதண்ணியில ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்குப் போகாம திரும்ப எஞ்சினுக்குள்ளயே சுத்தும். பாரம் இழுக்கேக்க முந்தியை விடச் சூடு கூடும், மெதுவா ஓடேக்க எஞ்சின் பச்சைத் தண்ணியா நிண்டு டீசல் சரியா எரியாது. சந்தேகமெண்டா கழட்டிச் சட்டியில தண்ணி வச்சுக் கொதிக்க விடுங்கோ, அதில அடிச்சிருக்கிற டிகிரிக் கிட்ட திறக்கத் தொடங்கவேணும். திறக்காட்டி புதுசு போடுங்கோ. கடல் தண்ணியே நேரா எஞ்சினுக்குள்ள சுத்துற பழைய மொடல் எண்டா 60 டிகிரி அளவில திறக்கிறது, மற்றதுக்கு 80 கிட்ட. மாறி வாங்கிப் போடாதேங்கோ, கடல் தண்ணி கூடச் சூடானா உப்பு எஞ்சினுக்குள்ளயே படியும்.

ஹெட் கஸ்கட் எண்டு சொல்ல முதல் எஞ்சின் ஆறியிருக்கேக்க கூலண்ட் மூடியைத் திறந்து வச்சு ஸ்டாட் பண்ணிப் பாருங்கோ. குமிழி விடாம வந்துகொண்டே இருந்தா, கூலண்ட் காரணமில்லாமக் குறைஞ்சா, டிப் ஸ்டிக்கில ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா அப்ப நம்பலாம். சூட்டோட மூடியில கை வைக்காதேங்கோ, சூட்டோட பச்சைத் தண்ணியும் ஊத்தாதேங்கோ, ஹெட் வெடிச்சால் பிறகு உண்மையாவே ஹெட் வேலைதான்.

இரணைமாதாநகர்ப் பெடியன்:

அண்ணை, எங்கட போட்டுக்கு எக்ஸோஸ்ட்டில தண்ணி நல்லா வருது, ஆனா எஞ்சின் சூடு. இரணைதீவுக்குப் போய் வாற ஓட்டம், போகேக்க சாமான், வரேக்க நண்டும் கருவாடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறுது. கூலண்டுக்கு கிணத்துத் தண்ணி ஊத்துறது பழுதோ?

பழைய மெக்கானிக்:

உங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி கொதிக்க வச்ச கேத்திலுக்கை என்ன படியுது எண்டு பாத்தனீரோ தம்பி? அதே வெள்ளைக் கல்லுதான் எஞ்சினுக்குள்ளயும் படியும். கூலண்டுக்கு பற்றறிக்கு ஊத்துற தண்ணி, இல்லாட்டி மாரியில பிடிச்ச மழைத்தண்ணி, அதோட கூலண்ட் மருந்தும் கலக்கவேணும். வெளியால தண்ணி நல்லா வந்தும் சூடு கொஞ்சம் கொஞ்சமா ஏறுதெண்டா எக்ஸ்சேஞ்சரில படிவு எண்டுதான் நானும் நினைப்பன். பெல்ட் தொய்ஞ்சிருக்கோ எண்டு முதல் பாரும், அது காசில்லாத வேலை.

அதோட முழு வேகத்தில முந்தி வந்த ஆர்பிஎம் இப்பவும் வருதோ? வராம கறுத்தப் புகை தள்ளினா தண்ணியில இறங்கிப் பாரும், புறொப்பெலரில சிப்பி ஒட்டியிருக்கும், இல்லாட்டி நண்டு வலைக் கயிறு சுத்தியிருக்கும். எஞ்சின் பாரம் தாங்கேலாமச் சுடும், நீங்கள் மேல இருந்து பம்பைக் கழட்டிக்கொண்டு இருப்பியள்.

இரணைமாதாநகர்ப் பெடியன்:

ஆர்பிஎம் சரியா வருது அண்ணை, பெல்ட்டும் இறுக்கம். அப்ப எக்ஸ்சேஞ்சருக்கு அசிட் ஊத்திக் கழுவலாமோ, கக்கூஸ் கழுவுற அசிட் இருக்கு.

முல்லைக்கரை:

டேய் எஞ்சினில வச்சபடி ஊத்திப்போடாத. அலுமினியம் இருந்தா அந்த அசிட் தின்னும்.

பழைய மெக்கானிக்:

ஓம், அவர் சொல்லுறது சரி. ரெண்டு பக்க மூடியையும் கழட்டி உள்குழாய்க் கட்டை வெளிய எடுத்து, மெல்லிய மரக்கம்பியால ஒவ்வொரு குழாயாக் குத்திச் சுத்தமாக்கும், இரும்புக் கம்பி வேண்டாம். பிறகு வினாகிரியில ஒரு இரவு ஊறப் போட்டால் கன படிவு போயிடும். பூட்டேக்க ஓ றிங் புதுசு, சிங்க் கட்டியும் புதுசு. மூடியைக் கழட்டினவுடன ஒரு படம் எடுத்துப் போடும், பாத்துட்டுச் சொல்லுறன்.