நடைபாதையில் உறையும் பனிக்கட்டிக்கு என்ன செய்யலாம்?

வணக்கம். மினியாபொலிஸில் எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகர விதி. எங்கள் பக்கத்தை நானும் கணவரும் மாற்றி மாற்றித் தள்ளிவிடுகிறோம். கவலை பக்கத்து வீட்டைப் பற்றித்தான்.

அங்கே எண்பது வயதைத் தாண்டிய பாட்டி தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நடைபாதையைப் பார்த்தபடி இருக்கிறது. பகல் வெயிலில் உருகி ஓடிவரும் தண்ணீர் ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அந்த வழியாகத்தான் பேத்தியைப் பள்ளிப் பேருந்துக்குக் கூட்டிப்போகிறார். போன வாரம் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அந்தப் பாட்டியே விழுந்திருந்தால்?

உப்பு போட்டுப் பார்த்தேன். மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்வதில்லை. அதோடு, போடுகிற உப்பெல்லாம் கடைசியில் ஏரிகளில்தான் போய்ச் சேர்கிறது. மணல் தூவியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பிடிப்பு கிடைக்கிறதா? அம்மாவின் பூட்ஸுக்கு மேல் மாட்டும் முள்பட்டையில் எது கழற்றி மாட்ட எளிது?

அப்புறம், குழாயைப் புல்வெளிப் பக்கம் திருப்பிவிட நாங்களே தயார். ஆனால் பாட்டி யாரிடமும் உதவி கேட்டுப் பழகாதவர். நாங்கள் குடிவந்தபோது வாசலில் ஆப்பிள் கேக்கை வைத்துவிட்டு, மணிகூட அடிக்காமல் போனவர். புகார் சொல்வதுபோல் ஆகாமல் இதை அவரிடம் எப்படிப் பேசுவது?