[கலைச்சொல்] பிரெஞ்சில தெஃபான்ஸும் (டிஃபென்ஸ்) பாதுகாப்பு, செக்யூரித்தேயும் (செக்யூரிட்டி) பாதுகாப்பு: என்ன செய்யிறது?

கவி (பாரிஸ் புறநகர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமைக்குள்ள ஒரு உதவி வேணும். நான் இங்க வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பெரிய வகுப்புப் பிள்ளைகள் 16 வயசானதும் மேரியில (நகரசபையில) பேர் பதிஞ்சு, பிறகு ஒரு நாள் 'தெஃபான்ஸ் நாள்' எண்டு கட்டாயமாப் போகவேணும், பொடியனெண்டாலும் பெட்டையெண்டாலும். கடிதம் வந்தவுடன தாய் தேப்பன்மார் பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடிக்கப் போறாங்களோ எண்டு போன் எடுக்கினம், கட்டாய சேவையை நிப்பாட்டின சட்டம் 1997லயே வந்திட்டுது எண்டு சொன்னாலும் நம்பினம் இல்லை, எங்கட ஆக்களுக்கு அந்தப் பயம் ஏன் வருது எண்டு உங்களுக்கும் தெரியும்தானே. அதால பிரான்சில படை ஆற்ற கையில இருக்கு எண்டு தமிழில ரெண்டு பக்கத் தாள் ஒண்டு எழுதினன்.

அரசியல் சட்டம் 15ஆம் பிரிவின்படி ஜனாதிபதிதான் படைகளின்ர தலைவர், தேசிய தெஃபான்ஸ் சபைகளுக்குத் தலைமை தாங்கிறதும் அவர்தான். 21ஆம் பிரிவு தெஃபான்ஸுக்குப் பொறுப்பு பிரதமர் எண்டுது (இது எப்பிடி ரெண்டும் சரி எண்டு கேக்காதேங்கோ, இங்க சட்டம் படிச்ச ஆக்களே இதைப் பற்றி இன்னும் சண்டை பிடிக்கினம்). இதுவரைக்கும் சுகம். பிறகு 'கொன்செய் த தெஃபான்ஸ் எ த செக்யூரித்தே நசியோனால்' வந்தது. அகராதியைப் பாத்து "தேசிய பாதுகாப்பு மற்றும் பாதுகாப்புச் சபை" எண்டு எழுதிப்போட்டன். ஒரு பொடியன் வாசிச்சிட்டு, "மிஸ், டபுள் லாக்கோ?" எண்டு கேட்டான். வகுப்பே சிரிச்சுது. ரெண்டுக்கும் ரெண்டு சொல் தாங்கோ.

---

சுபா (கோவை):

கவி அக்கா, பத்திரிகையில இருபது வருஷமா மொழிபெயர்க்கிறேன், இந்தக் கூத்து எனக்கு வாராவாரம் நடக்குது. பாதுகாப்பு அமைச்சர், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், பெண்கள் பாதுகாப்பு, சாலைப் பாதுகாப்பு, இஸட் பிரிவு பாதுகாப்பு, எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான், ரேஷன் கடை அரிசி மாதிரி. வாசகர் இடம் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. பேசாம ஒண்ணை வெட்டிட்டு "தேசியப் பாதுகாப்புச் சபை"ன்னு போடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க.

---

மருதன்:

கேட்பதற்கு நான் இருக்கிறேன் அம்மா. வெட்டுவதற்கு இது புடலங்காய் அல்ல. தெஃபான்ஸ் என்பதன் இலத்தீன் வேர் தாக்க வருவதைத் தடுத்துத் தள்ளுவது. செக்யூரித்தேயின் வேர் 'கவலை அற்ற நிலை'. ஒன்று செயல், இன்னொன்று அந்தச் செயலால் கிடைக்கும் நிலை. நம்மிடம் இரண்டுக்கும் சொல் இருக்கிறது, தூசி தட்டத்தான் ஆளில்லை. முன்னதற்கு அரண், பின்னதற்கு ஏமம். வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். ஏமம் என்றால் காவல், இன்பம் இரண்டும். கவலையில்லாதவனுக்குத்தானே இன்பம்? இலத்தீன்காரன் நினைத்ததை நம் ஆள் ஒரே சொல்லில் வைத்துவிட்டான். ஆகவே "நாட்டு அரண் ஏம அவையம்".

இன்னொன்று. பிரெஞ்சில் யானைத் தந்தத்துக்கும் தெஃபான்ஸ் என்றுதான் பெயர். இப்போது தமிழுக்கு வாருங்கள்: எயில் என்றால் மதில், எயிறு என்றால் பல், கொம்பு. எயில், எயிறு! இரண்டும் ஒரே வேர் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊருக்குப் பல்தான் மதில், யானைக்கு மதில்தான் பல்.

---

ஜோசப் (புதுச்சேரி):

மருதன் ஐயா, "நாட்டு அரண் ஏம அவையம்" கேட்டா எங்க ஊர்ல லாட்ஜ் பேருன்னு நெனப்பாங்க :)

எங்க தாத்தா சொல்தா. பிரான்ஸ் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர், தெருவுல 'சொல்தா வீடு'ன்னாதான் போஸ்ட்மேனுக்கே தெரியும். அவர் கிட்ட நான் முதல்ல கத்துக்கிட்ட தெஃபான்ஸ் படையே இல்ல, 'தெஃபான்ஸ் தாந்த்ரே', அதாவது உள்ள வராதே. பாரிஸ்ல பழைய சுவர்ல இன்னும் 'தெஃபான்ஸ் தஃபிஷே, 1881 ஜூலை 29 சட்டம்'னு எழுதியிருக்கும், போஸ்டர் ஒட்டாதேன்னு. ஆக தடுக்கிறது, மறிக்கிறது, அதுதான் உயிர். 'தடுப்பு'ன்னு வைக்கலாம்னு பாத்தா தமிழ்ல அது ஊசி, முகாம், சுவர், மூணுக்கும் போயிடுச்சு.

இன்னொரு வேடிக்கை, அந்த அமைச்சுக்கே இப்ப தெஃபான்ஸ்னு பேர் கிடையாது. அந்தக் காலத்துல போர் அமைச்சு. த கோல் ஆண்டப்ப 'படைகள் அமைச்சு'. அப்புறம் தெஃபான்ஸ். 2017ல மறுபடியும் படைகள். அவங்களே தாவிக்கிட்டு இருக்கப்ப நாம சனிக்கிழமைக்குள்ள முடிக்கணுமாம்.

---

செல்வி (சிங்கப்பூர்):

இது என்ன பெரிய விஷயம்? எங்களுக்கு இது எப்பவோ முடிஞ்சுபோச்சு. தற்காப்பு அமைச்சு, தற்காப்பு அமைச்சர், வருஷா வருஷம் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினம். ஸ்கூல் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெஃபான்ஸுக்குத் தற்காப்பு, செக்யூரித்தேக்குப் பாதுகாப்பு. மலேசியாவிலயும் தற்காப்பு அமைச்சுதான். புழக்கத்துல இருக்கிற சொல்லை விட்டுட்டு யானைப் பல்லைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

---

மருதன்:

செல்வி அம்மாவுக்கு மதிப்புடன் மறுப்பு. தன் + காப்பு = தற்காப்பு. இலக்கணம் சரி. பொருள்? மாலியில் பிரெஞ்சுப் படை 2013இல் இறங்கியது யாரைத் தற்காக்க? அணுகுண்டை வைத்துக்கொண்டு எதிரியை அச்சுறுத்தி நிறுத்துவது தற்காப்பா? தற்காப்பு என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது கராத்தே.

---

செல்வி (சிங்கப்பூர்):

ஐயா, மாலிக்குப் போனது 'அரண்' மட்டும் ஆயிடுமா? கோட்டை நடந்து போச்சா?

---

ரவி (பெங்களூர்):

பட்டிமன்றத்துல குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் தமிழ் படிச்சவன் இல்ல, சாட்டிலைட் வேலை. வேர்ச்சொல்லை வச்சு முடிவு பண்ணாம ஒரு உண்மைக் கேஸை வச்சு சோதிச்சுப் பாருங்களேன்.

பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து விட்ட அதெனா-ஃபிதுஸ்ங்கிற ராணுவத் தொடர்பு செயற்கைக்கோள் பக்கத்துல 2017ல ரஷ்யாவோட லூச்-ஒலிம்ப் சாட்டிலைட் வந்து ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒட்டுக் கேக்கத்தான்னு மறு வருஷம் செப்டம்பர்ல துலூஸ்ல வச்சு அப்போதைய பிரான்ஸ் படைகள் அமைச்சர் ஃப்ளோரான்ஸ் பார்லி வெளிப்படையாவே போட்டு உடைச்சாங்க. இது ஒரு கேஸ். இன்னொண்ணு, கிராவ்ஸ்னு ஒரு ரேடார், 2005ல இருந்து வேலை செய்யுது, திஜோன் பக்கம் இருந்து அலையை மேல அனுப்பி, தெற்க ஒரு பீடபூமியில திரும்ப வாங்கி, தாழ்வான சுற்றுப்பாதையில என்னென்ன பறக்குதுன்னு கணக்கு எடுக்குது. அதுல உடைஞ்ச ராக்கெட் குப்பையும் மாட்டும், அடுத்தவன் வேவு சாட்டிலைட்டும் மாட்டும். குப்பைக்குப் பகை கிடையாது, அது பாட்டுக்கு வந்து மோதும், நாம நகந்துக்கணும். லூச் அப்படியில்ல, வேணும்னே வருது, அதை எதிர்கொள்ளணும். முதல் வகை செக்யூரித்தே, ரெண்டாவது தெஃபான்ஸ். எதிராளி இருந்தா ஒரு சொல், இல்லேன்னா இன்னொரு சொல். என் மண்டைக்கு எட்டுனது அவ்வளவுதான்.

---

கவி (பாரிஸ் புறநகர்):

ரவி தம்பி சொன்னது பிள்ளைகளுக்கு விளங்கும், மெத்தப் பெரிய உபகாரம். அதோட ரெண்டாம் பக்கமும் விண்வெளிதான், அதையும் இப்பவே கேட்டுவிடுறன். 2019 ஜூலை 13, சுதந்திரத் தினத்துக்கு... சீ, புரட்சி தினத்துக்கு முதல் நாள், ஜனாதிபதி மக்ரோன் அறிவிச்சார், செப்டம்பர் 3 'கொமாந்துமான் த லெஸ்பாஸ்' (இங்கிலீசில ஸ்பேஸ் கமாண்ட்) பிறந்தது. 2010ல இருந்து இருந்த சின்னக் கூட்டுப்படை அமைப்பை எடுத்திட்டு இது. இருக்கிறது துலூஸில, விண்வெளி ஆய்வு மையத்தின்ர வளவுப் பக்கம். அடுத்த வருஷம் விமானப்படையின்ர பேரே 'வான், விண்வெளிப் படை' எண்டு மாறிச்சுது.

எனக்கு இடறுறது இதுதான்: இந்தக் கொமாந்துமானுக்கு ரெண்டு எசமான். ஆள், பயிற்சி, சாமான் எல்லாம் வான் விண்வெளிப் படையின்ர தலைமை அதிகாரிக்குக் கீழ. விண்வெளியில ராணுவம் என்ன செய்யவேணும் எண்ட கொள்கை முப்படைக்கும் மேல இருக்கிற 'ஷெஃப் தெத்தா-மஜோர் தெசார்மே'யிட்ட. இதைத் தமிழில எப்பிடி எழுத?

---

ஜோசப் (புதுச்சேரி):

வீட்ல மாட்டை வளக்கிறது ஒருத்தர், ஏர்ல பூட்டுறது இன்னொருத்தர். பிரான்ஸ்ல முப்படைக்குமே அதான் முறை, தரைப்படை, கடற்படை, வான்படை தலைவருங்க மூணு பேரும் மாடு வளக்கிறவங்க, சண்டைக்கு ஓட்டுறது அந்த ஒத்தை ஷெஃப் (தலைவர்), அவருக்கு உத்தரவு எலிசேல (ஜனாதிபதி மாளிகைல) இருந்து. அதனால அந்த மூணு பேரையும் 'தளபதி'ன்னு எழுதினா கொஞ்சம் பொய், களத்துல அவங்க ஏவுறதில்ல. 'எத்தா-மஜோர்'னா கூட இருந்து திட்டம் போடுற அதிகாரிங்க கூட்டம். 'தலைமைப் பணியாளர்'னு எழுதிடாதீங்க, ஜெனரல் காபி கொண்டுவர்ற மாதிரி இருக்கும்.

ஷெஃப்ங்கிறதுக்கே அங்க எவ்ளோ எடை பாருங்க. 2017 ஜூலைல பட்ஜெட்ல 85 கோடி யூரோ வெட்டுனப்ப முப்படைத் தலைவர் பியேர் த வில்லியே நாடாளுமன்றக் குழுல பொருமினார். மக்ரோன் படைக்காரங்க முன்னாடியே "நான் உங்கள் ஷெஃப்"னார். அடுத்த வாரம் வில்லியே ராஜினாமா.

---

மருதன்:

எத்தா-மஜோருக்குச் 'சூழ்வோர்'. சூழ்ச்சி என்றால் ஆலோசனை, வஞ்சகம் பின்னால் வந்தது. சூழ்வோர் தலைவர். கொமாந்துமானுக்கு ஏவலகம்.

விண்வெளி அரணுக்குச் சொல் தேடவே வேண்டாம். தூங்கெயில்! வானில் தொங்கிய கோட்டையை அழித்தான் சோழன் என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள், சிலம்பும் பாடியது. வானத்தில் மதில் என்ற எண்ணமே நம்மிடம் இருந்தது. ஆகவே தூங்கெயில் ஏவலகம். (எயில், எயிறு என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.)

---

சுபா (கோவை):

ஐயா, தூங்கெயில்னா இன்னிக்கு "தூங்குற கோட்டை". ராத்திரி பூரா ரேடார் முன்னாடி கண்ணு முழிச்சு உக்காந்திருக்கிறவங்களுக்கு இப்படியா பேர் வைக்கிறது? அதுவுமில்லாம அந்தச் சோழன் அதைக் காப்பாத்தலையே, உடைச்சான்ல? சூழ்வோர் தலைவர்னா தலைப்புல போட்டா வழக்கு வரும்.

---

ரவி (பெங்களூர்):

தூங்கெயில் எனக்குப் பிடிச்சிருக்கு, நிஜமாவே புவிநிலை சுற்றுப்பாதையில இருக்கிற சாட்டிலைட் கீழ இருந்து பாத்தா தொங்குற மாதிரிதான் நிக்கும். ஆனா சனிக்கிழமைத் தாள்ல வேண்டாம். சின்ன தகவல், பிரெஞ்சுக்காரங்க சித்திரக்கதையில இருந்து பேர் எடுக்கிறாங்க: 1965 நவம்பர்ல சொந்த ராக்கெட்ல விட்ட முதல் செயற்கைக்கோள் அஸ்தெரிக்ஸ், 2021ல நடத்துன முதல் விண்வெளிப் போர்ப் பயிற்சிக்கு அஸ்தெர்-எக்ஸ். பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லுங்க அக்கா, தாளை மறந்தாலும் இது நிக்கும்.

---

கவி (பாரிஸ் புறநகர்):

நேற்று வகுப்பு முடிஞ்சுது. கடைசியில போட்டது: "தேசியத் தற்காப்பு, பாதுகாப்புச் சபை", "விண்வெளிக் கட்டளையகம்" (எங்கட பக்கம் கட்டளைத் தளபதி எண்டு சொல்லிப் பழக்கம், அதால), முப்படைத் தலைமை அதிகாரி. ரவி தம்பியின்ர குப்பையும் லூச்சும் சொன்னவுடன வித்தியாசம் பிடிபட்டுது. ஆனா ஒரு தாய் வந்து, "பிள்ளை, இதில பாதுகாப்பு எண்டு எழுதியிருந்தா எனக்கு விளங்கியிருக்கும், தற்காப்பு எண்டதும் கராத்தே வகுப்புக்குக் காசு கேக்கிறியளோ எண்டு நினைச்சன்" எண்டா. மருதன் ஐயா சந்தோசப்படுவார்.

---

மருதன்:

மகிழ்ச்சி. பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், ஆனால் பட்டியலில் அரண், ஏமம் இரண்டையும் மாற்றுச்சொல்லாக ஏற்றி வையுங்கள். எயிறு பற்றித் தனி இழை நாளை தொடங்குகிறேன்.

---

செல்வி (சிங்கப்பூர்):

நாளைக்கு நான் லீவு.