புதுப்பிப்பு: மேட்ச்பாக்ஸ் கார்களை விற்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தேனே

போன மாதம் கேட்டது இதுதான்: சின்ன வயதில் மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த 32 மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்களை வைத்துக்கொள்வதா, விற்பதா?

நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்பதின் அடியில் 'லெஸ்னி, இங்கிலாந்து' என்று இருக்கிறது. மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த அந்தக் கம்பெனி 1982-லேயே திவாலாகிவிட்டது, ஆக அநேகமாக அதற்கு முந்தையவை. ஆனால் அட்டைப்பெட்டி ஒன்றுகூட இல்லை, அம்மா அடுப்பு பற்றவைக்க எடுத்திருக்கிறார். போதாததற்குக் குளச்சல் உப்புக்காற்று வேறு, பாதி வண்டிகளில் சக்கரக் கம்பி துருப்பிடித்து உருளவே மறுக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து வாங்க வந்தவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 என்றார். பெட்டி இருந்தால் கதையே வேறாம்.

சரி, மாமாவிடமே கேட்போம் என்று தக்கலை போனேன். "வித்துரு மக்களே, எனக்கென்ன" என்றார். சொல்லிக்கொண்டே சிவப்பு டபுள் டெக்கர் பஸ்ஸை எடுத்து, பெயின்ட் போன மூலையை நகத்தால் தடவி, டீ கிளாஸைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினார். பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

லெஸ்னி ஒன்பதும் என்னிடம் இருக்கட்டும். மீதி 22-க்கு அந்த நாகர்கோவில்காரர் 1,500 தந்தால் கொடுத்துவிடுவேன்.