நெகேமியா என்று பெயரிட்டோம்: பழைய வேதாகமப் பெயர் சூட்டியோர் அனுபவங்கள்

எங்கள் மகனுக்கு நெகேமியா என்று பெயரிட்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. பெயரை அறிவித்த மாலையில் உறவினரிடையே நிலவிய அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தாவீது, சாமுவேல், தானியேல் போன்ற பெயர்கள் எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. நெகேமியா என்பதோ, வேதாகமப் புத்தகங்களை வரிசையாக ஒப்பிக்கும்போது எஸ்றாவுக்கும் எஸ்தருக்கும் இடையில் வாயில் வந்துபோகும் சொல், அவ்வளவுதான். என் மனைவியின் பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "நம் உறவில் ஒருவருக்கும் இந்தப் பெயர் இல்லையே" என்றார். லூக்கா முதல் அதிகாரத்தில், எலிசபெத்து தன் பிள்ளைக்கு யோவான் என்று பெயரிட வேண்டும் என்றபோது சுற்றத்தாரும் இதையேதான் சொன்னார்கள் என்று நான் பணிவாக எடுத்துக்காட்டினேன். வேதத்தை என்னைவிட நன்றாக அறிந்த அவர் சற்றும் தயங்காமல், "அங்கே தேவதூதன் வந்து பெயரைச் சொன்னான், உங்களுக்கு யார் வந்து சொன்னது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் எங்கள் காரணம் மிக எளியது. மனைவி கருவுற்றிருந்த மாதங்களில் இருவரும் சேர்ந்து அந்தப் புத்தகத்தை வாசித்தோம். அதில் கடல் பிளப்பதில்லை, வானத்திலிருந்து அக்கினி இறங்குவதில்லை. பாரசீக அரசனுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த ஒருவர், எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்டு அழுகிறார். பிறகு அரசனிடம் விடுப்புக் கேட்டு, திரும்பிவரும் காலத்தையும் குறித்துச் சொல்லி, வழியில் காட்டவேண்டிய கடிதங்களோடு மரம் பெறுவதற்கு வனக்காவலனுக்கு ஒரு கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். எதிரிகளின் ஏளனத்துக்கும் மிரட்டலுக்கும் நடுவே 52 நாளில் மதிலைக் கட்டி முடிக்கிறார். இவ்வளவு ஒழுங்காக விடுப்பு எடுத்த இன்னொரு மனிதரை வேதாகமத்தில் நான் பார்த்ததில்லை. 'கர்த்தர் ஆறுதல் அளிக்கிறார்' என்னும் பொருளும் பிடித்துப்போனது. அன்றே முடிவு செய்தோம்.

பொருளைப் பார்த்தோம், வரலாற்றைப் பார்த்தோம். பிறர் வாயில் அந்தப் பெயர் என்ன ஆகும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. இதை உணர்த்தியவர் முன்பின் தெரியாத ஒரு முதியவர். குழந்தைக்கு இரண்டு மாதமானபோது தடுப்பூசி போடச் சென்றிருந்தோம். செவிலியர் கதவைத் திறந்து "நெகேமியா" என்று அழைத்ததும் நான் குழந்தையுடன் எழுந்தேன். எதிர் வரிசையில், கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் எழுந்துவிட்டார். அழைக்கப்பட்டவர் அவர்தான். ஆனால் அவர் உள்ளே போகாமல் எங்களிடம் வந்து, துணிக்குள் தெரிந்த முகத்தைக் குனிந்து பார்த்து, "இந்தப் பெயரில் என்னைவிடச் சின்னவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். செவிலியர் மறுபடியும் அழைத்தபோதுகூட அவர் அவசரப்படவில்லை.

வெளியே வந்தபின் சொன்னார்: "தம்பி, பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்து வருடம் 'மியாவ்' என்றுதான் பெயர். வீட்டில் கூப்பிட ஒரு சின்னப் பெயரை நீங்களே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வகுப்பே கூடி ஒன்றை வைத்துவிடும்." பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளில் பூனை ஒளிந்திருப்பது அதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை! அவரை அவருடைய அம்மா 'நேமி' என்று அழைப்பாராம். அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். சக்கரத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெரியம்மா இப்போது 'நேமிக்கண்ணு' என்று கொஞ்சுகிறார். முழுப் பெயரை அவர் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.

* * *

நான் இத்தகைய பெயரைச் சூட்டியவன் அல்லன், சுமந்து வளர்ந்தவன். என் பெயர் எபெனேசர். சிறுவயதில் அதை மனிதர் ஒருவரின் பெயர் என்றே நம்பியிருந்தேன். முதலாம் சாமுவேல் ஏழாம் அதிகாரத்தை வாசித்த அன்றுதான், அது சாமுவேல் நாட்டிய ஒரு கல்லின் பெயர், 'உதவியின் கல்' என்பது அதன் பொருள் என்று அறிந்தேன். ஒருவாரம் மனம் ஆறவில்லை. நண்பர்களுக்குத் தாவீதும் கிதியோனும் வாய்த்திருக்க, எனக்கு மட்டும் ஒரு கல்லா என்று அப்பாவிடம் சண்டையிட்டேன். "இதுவரை உதவினார் என்று சொல்லி நட்ட கல்லடா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அந்த விளக்கம் எனக்குப் பிடிக்க இருபது ஆண்டுகள் ஆயின. ஆகவே, பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. யாபேஸ் என்று சூட்ட நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். வேதனையோடு பெற்றதால் தாய் வைத்த பெயர் அது.

* * *

எங்களுக்கு நேர்ந்தது எழுத்துச் சிக்கல். ஐசக் என்றால் இக்காலப் பெயர், ஈசாக்கு என்றால் தாத்தா பெயர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்பதை ஒருவரும் நினைப்பதில்லை. தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே ஈசாக்கு என்று படிவத்தில் தெளிவாக எழுதிக்கொடுத்தேன். பதிவு செய்தவர், நான் தவறாக எழுதிவிட்டதாகக் கருதி, தாமாகவே ஐசக் என்று திருத்திவிட்டார். சான்றிதழ் கைக்கு வந்தபிறகே கவனித்தோம். திருத்தக் கோரி விண்ணப்பித்திருக்கிறோம். 'நகைப்பான்' என்று பொருள்படும் பெயருக்கு உரிய எங்கள் மகனோ, பிறந்த நாள் முதல் இரவெல்லாம் அழுதுகொண்டிருக்கிறான்.