உரல் மதுரையில், அச்சு தூத்துக்குடியில்

வாட்ஸ்அப் குழு: ஆச்சி வீடு
8 மே 2026, வெள்ளி

பெரியப்பா (காலை 6:10): அனைவருக்கும் காலை வணக்கம். நாளை மறுநாள் ஞாயிறு, அன்னையர் தினம். இந்த வருடம் அம்மாவை (பிள்ளைகளுக்கு ஆச்சி) அடுப்படிப் பக்கமே விடக் கூடாது. காலைப் பலகாரம் முழுக்க நம் கையால். இடியாப்பம், சொதி, இஞ்சிப் பச்சடி. ஏழரைக்கு இலை போட்டாக வேண்டும். எல்லோரும் சனி இரவே பாளையங்கோட்டை வந்துவிடுங்கள்.

தம்பி: சொதியா

தம்பி: 2019இல் வைத்தீர்களே, அதுவா?

சித்தப்பா: அது சொதி இல்லை. மோர்க்குழம்பு.

பெரியப்பா: எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தவர் செய்த தவறு. பெயர் சொல்ல விரும்பவில்லை.

பெரியம்மா: அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்போதே பிழியச் சொன்னது யார்?

சித்தப்பா: ஆஹா

அம்மா: எத்தனை பேர் என்று சொன்னால் தேங்காய்க்குச் சொல்லிவைப்பேன்.

பெரியப்பா: சொதியை எல்லோரும் ஒருமுறை சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்துச் சாப்பாடு அது. அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்று பெயர். தேங்காயைத் துருவி, முதல் பாலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். காய் வேக இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்க வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்ற வேண்டும், மிளகாய்த்தூள் கிட்டேயே வரக் கூடாது. கடைசியாக முதல் பால். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எலுமிச்சை. தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக நிற்கும், அதற்காகத்தான் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. நம் முன்னோர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தம்பி: மேலும் படிக்க என்று வருகிறது. அழுத்தவில்லை

மதுரை அத்தை: முருங்கைக்காய் போட வேண்டும் அண்ணன். அம்மா போடுவாள்.

சித்தி: மதினி, அத்தை கேரட், பீன்ஸ், உருளைதான் போடுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மதுரை அத்தை: எங்கள் அம்மா சமைத்ததை எங்களுக்குச் சொல்லித்தர ஆள் வந்துவிட்டது. சந்தோஷம்.

சித்தப்பா: இரண்டும் போடலாமே

மதுரை அத்தை: நீ சும்மா இருடா.

லண்டன் அக்கா: எங்களுக்கு மார்ச் 15ஆம் தேதியே அன்னையர் தினம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கருகின ரொட்டி செய்து கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

தம்பி: நாட்டுக்கு நாடு அம்மா மாறுவார்களா?

பெரியப்பா: நல்ல கேள்வி. இங்கிலாந்தில் கொண்டாடுவது வேறு. அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நான்காவது ஞாயிறு, பழைய தேவாலய வழக்கம். நாம் கொண்டாடுவது அமெரிக்காவிலிருந்து வந்தது. அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி, 1905இல் இறந்துபோன தன் தாயின் நினைவாக, 1908 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவில் கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் அன்னையர் தினத்துக்கு ஏற்பாடு செய்தார். அன்றும் ஞாயிறு, நமக்கும் மே 10 ஞாயிறு! 1914இல் ஜனாதிபதி வில்சன் மே மாதத்து இரண்டாவது ஞாயிறு என்று அறிவித்தார். பிறகு பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக்காரர்களும் இதை வியாபாரமாக்கியதைப் பார்த்து, அதே அம்மையார் அந்த நாளையே எதிர்த்துச் சண்டை போட்டார். அவருக்குப் பிள்ளைகளும் இல்லை.

சித்தப்பா: பாவம்

மதுரை அத்தை: பூவே வாங்கக் கூடாதா அண்ணன்? அம்மாவுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவரலாம் என்று இருந்தேன்.

பெரியப்பா: பூ வேறு, வியாபாரம் வேறு. கொண்டு வா.

அம்மா: எத்தனை பேர்?

நான்: நான் வருவேன் அம்மா. டிக்கெட் காத்திருப்போர் பட்டியலில் 41. ஒன்றும் நிச்சயமில்லை.

பெரியம்மா: பேருந்தில் வாயேன். தூங்கிக்கொண்டே வந்துவிடலாம்.

தம்பி: பேருந்து என்றால் இவனுக்கு வாந்தி வரும்

நான்: ஏழு வயதில் ஒருமுறை. ஒரே ஒருமுறை.

சித்தப்பா: என் மடியில்

பெரியப்பா: விஷயத்துக்கு வருவோம். இடியாப்ப உரல் எங்கே இருக்கிறது? அந்தப் பித்தளை உரல்.

(காலை 8:42)

பெரியப்பா: யாரும் பேசக் காணோம்?

மதுரை அத்தை: உரல் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா எனக்குக் கொடுத்தது.

சித்தி: மதினி, நீங்கள் இரவல் வாங்கிப் போனதாக அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மதுரை அத்தை: உரல் இருந்து என்ன புண்ணியம்? இடியாப்ப அச்சு இல்லையே. தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டு வளைகாப்புக்கு ஓமப்பொடி பிழிய வேண்டும் என்று வாங்கிப் போனார்கள். அன்று வயிற்றில் இருந்த பையன் இப்போது எட்டாம் வகுப்பு. அச்சு வரவில்லை.

சித்தி: கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

மதுரை அத்தை: கேட்டால்தான் கொடுக்க வேண்டுமா?

சித்தப்பா: அக்கா, தேடிப் பார்க்கச் சொல்கிறேன்

அப்பா: புதிதாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன? கடையில் கிடைக்குமே.

பெரியப்பா: கூடாது.

மதுரை அத்தை: கூடவே கூடாது அண்ணன்.

சித்தி: அந்த உரலில் பிழிந்தால்தான் அத்தான் நூல் அறுந்து போகாமல் வரும்.

தம்பி: இரண்டு பேரும் ஒன்றாகப் பேசிவிட்டார்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

பெரியப்பா: மாவுதான் முக்கியம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, வறுக்க வேண்டும். எவ்வளவு வறுப்பது? வறுத்த மாவை இரு விரலில் எடுத்துத் தரையில் விட்டால் கோலம் போல இழை விழ வேண்டும். பிசிறினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி, சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். ஆறிவிட்டால் உரலை அழுத்த இரண்டு ஆள் வேண்டும்.

பெரியம்மா: இவர் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தட்டு இடியாப்பம் பிழிந்ததில்லை. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

பெரியப்பா: மேற்பார்வை என்று ஒன்று இருக்கிறது.

தம்பி: பெரியப்பா, நான் பிழிகிறேன். நீங்கள் மேற்பார்த்துக்கொள்ளுங்கள்

பெரியப்பா: ஏலே, நீ முதலில் ஆறு மணிக்கு எழுந்திரு.

சித்தப்பா: நுங்கு வாங்கி வரவா? இங்கே நல்ல இளநுங்காக வருகிறது

லண்டன் அக்கா: ஐயோ நுங்கு

லண்டன் அக்கா: போட்டோ போடாதீர்கள் சித்தப்பா

சித்தப்பா: (புகைப்படம்)

லண்டன் அக்கா: நான் குழுவை விட்டே போகிறேன்

அம்மா: ஆச்சியிடம் கேட்டேன். சொதி வேண்டாமாம், இரவு வரை நெஞ்சில் நிற்கிறதாம். இரண்டு இடியாப்பம், தேங்காய்ப்பூ, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவினால் போதுமாம்.

பெரியப்பா: சர்க்கரை கூடவே கூடாது! போன மாதம் ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது?

மதுரை அத்தை: ஒரு நாள்தானே அண்ணன். எண்பத்தி மூன்று வயதில் அவளுக்குப் பிடித்ததைத் தின்னட்டும்.

பெரியப்பா: அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தீபாவளிக்கு அல்வாவைக் கொடுத்தாய்.

மதுரை அத்தை: பக்கத்தில் உட்கார்ந்து பாதியைத் தின்றது யார்?

சித்தப்பா: சரி சரி. அம்மாவுக்குத் தேங்காய்ப்பூ, நமக்குச் சொதி. முடிந்ததா?

பெரியப்பா: அம்மாவுக்காகச் செய்வதை அம்மா சாப்பிடாமல் நாம் சாப்பிடுவதா?

தம்பி: எப்போதும் நடப்பதுதானே

நான்: அம்மா, தேங்காய் எத்தனை என்று கேட்டீர்களே. பெரியவர்கள் பத்து, சிறுசுகள் நான்கு. என்னைச் சேர்த்து.

அம்மா: நன்றிப்பா. ஆறு தேங்காய்க்குச் சொல்லியாயிற்று. காலையில் உரித்துக் கொண்டுவந்து போடுவார்.

அம்மா: அத்தான், ஒரு விஷயம். நான் நாளை சாயங்காலம் தென்காசி போகிறேன். எங்கள் அம்மாவுக்கும் மே 10தான். மாவு வறுத்து, சலித்து வைத்துவிட்டேன். மூன்றாவது தட்டில் நீல மூடி டப்பா. இடது பக்க அடுப்பு மெதுவாகத்தான் எரியும், அவசரப்பட வேண்டாம். பாத்திரம் தேய்க்கிறவர் ஞாயிறு வர மாட்டார். திங்கள் மதியம் திரும்பிவிடுவேன்.

(காலை 10:15)

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: நல்லபடியாகப் போய்விட்டு வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு. பிச்சிப்பூ அவர்களுக்கும் ஒரு முழம் வாங்கிக்கொண்டு போ.

சித்தி: அக்கா, பாத்திரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தம்பி: அம்மா இல்லாமலா?

பெரியப்பா: அது வந்து... போகட்டும், நல்ல விஷயம்தான். இருந்தாலும் தேங்காய்ப்பால் பிழிய யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

சித்தப்பா: அண்ணன், நீங்கள்தான் முதல் பால் இரண்டாம் பால் என்று அழகாக எழுதியிருக்கிறீர்களே

மதுரை அத்தை: இப்போது நான் உரலைக் கொண்டுவரவா வேண்டாமா? பேருந்தில் தூக்கிக்கொண்டு வர வேண்டும், சும்மா கனமில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சித்தி: அச்சு பரணில் இருக்கிறதா என்று பார்க்கிறேன் மதினி.

மதுரை அத்தை: பார்.

அப்பா: மூன்றாவது தட்டில் நீல மூடி டப்பா இரண்டு இருக்கிறதே. ஒன்று கோலமாவு மாதிரி தெரிகிறது. எது எது?