உப்புக்காத்தில் நின்ற ஃபியட்டும் துரு வெட்டிய கதைகளும்

குமரி மாவட்டத்தில் பழைய காரைச் சரிசெய்த மூன்று பேர் எழுதியது.

மணவாளக்குறிச்சியிலிருந்து:

பெரியப்பாவின் ஃபியட்டை எடுத்துச் சரிசெய்யப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன கலர் அடிக்கப்போற?" கலர் கடைசி வேலை. கடற்கரை ஊரில் பழைய காரைக் கையில் எடுக்கிறவர்கள், பெயின்டுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கைத் தகடு வேலைக்குத் திருப்பிவிடுவது நல்லது.

வண்டி 1983 மாடல் பிரீமியர் பத்மினி, ஃபியட் என்றே எல்லோரும் சொல்வது. கடலோரம் ஓலைக் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்றது. பார்வைக்கு மோசமில்லை. மட்கார்டு ஓரத்தில் சில கொப்புளம், கதவடியில் கொஞ்சம் காவிக் கறை, அவ்வளவுதான். தக்கலைப் பக்கம் தகடு வேலை பார்க்கும் ஒரு டிங்கர் ஆசானிடம் கொண்டுபோனேன். அவர் துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவின் மேல்பாதியில் வைத்தார், கப்பென்று பிடித்தது. கீழே நகர்த்த நகர்த்தப் பிடி தளர்ந்து, அடி விளிம்புக்கு நாலு விரல் மேலே வந்ததும் பொத்தென்று தரையில் விழுந்தது.

"இது தகடு இல்ல மக்களே, முழுக்கப் பட்டியாக்கும்" என்றார். பெயின்டுக்கு முன் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசைதான் பட்டி.

முன்னே ஏதோ ஒரு பட்டறையில் துரு ஓட்டையை வெட்டாமல், அதன் மேலேயே ஃபைபர் துணி ஒட்டி, விரல் தடிமனுக்குப் பட்டி பூசிப் பளபளவென்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உப்பு கலந்த ஈரம் அடியில் தங்கினால் துரு நிம்மதியாக வளரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது. கதவைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியிலிருந்து ஈரமான கருமணல் கொட்டியது. எங்கள் கடற்கரை மணல்தான். கண்ணாடி இடுக்கு வழியாகக் காற்றில் வந்து சேர்ந்து, கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் போனால் கதவு அழுகாமல் என்ன செய்யும்? கார் நன்றாக இருக்கிறவர்களும் ஒரு குச்சியை விட்டு அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். காசு செலவில்லை.

பெரிய வேலை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டில்தான். பத்மினிக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. அந்தப் பெட்டியை அப்படியே வெட்டி எடுத்தால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாகச் சாத்தாது. ஆசான் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் பற்ற வைத்தார். பிறகு ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொட்டார். தகட்டின் தடிமன் பெட்டிக்கு 18 கேஜ், வெளித்தகட்டுக்கு அதைவிட மெல்லிய 20 கேஜ். தகட்டை ஒரே இழுப்பாகப் பற்ற வைத்தால் சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும் என்று, இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, நடுவில் ஈரத்துணி ஒற்றல். பக்கத்தில் நின்று பார்த்த எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை.

வெட்ட வேண்டாத இடங்களில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்தைத் தடவி, கழுவி, வெயிலில் காயவைத்தோம். காய்ந்த கையோடு எபாக்சி பிரைமர், அதாவது கலருக்கு முந்தைய அடிப்பூச்சு. இதில் ஆசான் கறார். எங்கள் பக்கம் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டாலே காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர் போதுமே என்று பலர் சொல்வார்கள். அது ஈரத்தை உள்ளே விடும், கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் சரி, கடலோரக் காருக்கு நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டி, பிரைமருக்கு மேலே, அதுவும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். பள்ளத்தைச் சுத்தியல் கொண்டு எடுக்கவேண்டும், பட்டி கொண்டு நிரப்பக்கூடாது.

கடைசியில் கலரும் வந்தது. வெண்சந்தன நிறம், பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட், மெட்டாலிக் இல்லை. பழைய ஃபியட்டில் மெட்டாலிக் அடித்தால் கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி ஆகிவிடும், இது என் கருத்து. பி.யு. அடிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அது இறுகுவதற்குக் கலக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சரியான வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். இதைச் சொன்னால் சில பெயின்டர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

குலசேகரத்திலிருந்து:

அண்ணாச்சி, உங்களுக்குக் கடல் செய்த வேலையை எங்களுக்கு ரப்பர் செய்தது. அப்பாவின் அம்பாசிடர் டிக்கியில்தான் ரப்பர் ஷீட்டைக் கடைக்குக் கொண்டுபோவோம். ரப்பர் பால் உறைய ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவோமில்லா, சரியாகக் கழுவாத ஷீட்டிலிருந்து அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டாக இறங்கும். மேலே விரித்த சாக்கு நனைந்து கிடக்கும், யாரும் தூக்கிப் பார்க்கமாட்டோம். ஒருநாள் ஜாக்கி எடுக்கச் சாக்கைத் தூக்கினால் கீழே ரோடு தெரிகிறது!

டிக்கித் தரையை முழுதாகவே மாற்றினோம். பெயின்ட் பழைய முறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) அடித்தோம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை தொடங்கிவிட்ட நேரம். அடித்த கொஞ்ச நேரத்தில் பானெட் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது, அதுதான் காரணம் என்று பெயின்டர் சொன்னார். மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கலந்து, வெயில் ஏறிய பிறகு மறுபடி அடித்தார், சரியானது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை நம்ப முடியாது. போதாததற்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் அந்த மாதங்களில் காற்று வேறு, ஈரப் பெயின்டில் தூசி அள்ளிப் போடும். தை பிறந்ததும் தொடங்கி மார்ச்சுக்குள் முடித்தால் தப்பித்தீர்கள்.

நாகர்கோவில் வடசேரியிலிருந்து:

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1968. சென்னையில் செய்த வண்டி. இதற்குத் தனி சேசிஸ் உண்டு என்பதால் பாடியைக் கழற்றி இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும், எஞ்சின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

பெயின்டில் எனக்கு வந்த தொல்லை வேறு. கலர் விழுந்ததும் அங்கங்கே மீன்கண் மாதிரி வட்டக் குழி. முன்னே யாரோ டேஷ்போர்டுக்குப் போடும் சிலிகான் பாலிஷைப் பாடி முழுக்கத் தேய்த்திருந்தார்கள். உப்புத்தாள் போட்டால் அது போகாது, இன்னும் பரவும். முதலில் மெழுகு நீக்கும் திரவத்தால் துடைக்கவேண்டும், அதுவும் ஒரு துணியில் தடவி, காயும் முன்னே வேறு சுத்தமான துணியில் எடுத்துவிடவேண்டும்.

பேப்பர் வேலையையும் சொல்லிவிடுகிறேன். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போது திருப்பி அனுப்புவார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டிய, பாடியும் சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்து வைத்த நம்பர் வாங்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் தினப்படி ஓட்டக்கூடாது, கண்காட்சி, பழைய கார் ராலி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான். நான் வாங்கவில்லை. சனிக்கிழமை சுசீந்திரம் போய்வர முடியாத கார் எனக்கு எதற்கு?

மணவாளக்குறிச்சியிலிருந்து மீண்டும்:

குலசேகரம் தம்பி, சாக்குக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்துவிடுங்கள். கண்ணாடி ரப்பர் எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: எனக்குச் சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. பழைய ரப்பரில் ஒரு துண்டு வெட்டி மாதிரிக்குக் கொண்டுபோங்கள், வாய்ச்சொல்லில் கேட்டால் வேறு வண்டியின் ரப்பரைத் தலையில் கட்டிவிடுவார்கள். புது ரப்பர் போடும் முன் கண்ணாடிச் சட்டத்தின் பள்ளத்திலும் எபாக்சி ஓட்டிவிடுங்கள். அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும்.